அட்டையில்லாத நாவல்

இருந்தது ஒரே பிரதி. வாசிக்க நாலு பேர்.
பூஃபியாவில் ரொட்டி வெட்டும் கத்தியை இரவல் வாங்கி
அருமைநாயகம் அதை நாலாகப் பிளந்தார்.
சாரம் கட்டும் மேஸ்திரி, கை பிசகவில்லை.
முதுகுத்தையல் 'டப்' என்று விட்டபோது
சகாயமேரி கண்ணை மூடிக்கொண்டாள்,
பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில்
பதினோரு வருஷம் நின்றவள்.

அட்டை முன்பே இல்லை.
எழுதியவர் யாரென்று அருமைநாயகத்துக்கும் தெரியாது.
நாங்களாக வைத்த பெயர் உப்புக்கதை.

ஒரு கிரகம். அதன் கடலெல்லாம் நன்னீர்.
உப்புதான் அங்கே தங்கம்.
அழுவதற்கு உரிமம் வேண்டும்;
கண்ணீரைக் காயவைத்துக்
கிராம் கணக்கில் கடத்துகிறான் இரிசன் என்ற கப்பல்காரன்.

நான் ஜுபைலில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
இரவு ஷிஃப்ட்.
கதை தெரிந்த அன்று
கழிவுக் குழாயின் மேல் நின்று
இத்தனை செல்வத்தையும் கொண்டுபோய்க்
கடலிலேயே கொட்டுகிறோமே என்று
கொஞ்ச நேரம் நிஜமாகவே கலங்கினேன்.

எனக்கு விழுந்தது மூன்றாம் பாகம்.
அதில் இரிசனுக்கு வலது கை இல்லை.
யார் எடுத்தார்கள்?
வியாழன் இரவு வரை பொறுக்க வேண்டும்.
சகாயமேரி சுலைமானியை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னாள்:
கண்ணாடித் திமிங்கலம்.
தோளோடு. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.

கண்ணாடி எப்படி வளையும்? எப்படி மூச்சு விடும்?
அந்த ஆழத்தில் அழுத்தம் என்ன?
டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
முதல் பாகக்காரன் ஹாஜா மைதீன்,
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், சிரித்தான்:
"வெளிச்சத்தை முந்துற கப்பலை
ஒண்ணும் கேக்காம நம்பிட்டே மச்சான்,
திமிங்கலத்துக்கு மட்டும் ரசீது கேக்குறியே!"

கடைசிப் பாகம் அருமைநாயகத்திடம்.
"அடுத்த வாரம்" என்பார்.
அதற்கடுத்த வாரமும்.
ஒரு செவ்வாய்க்கிழமை
கம்பெனி அவருக்கு எக்சிட் அடித்துவிட்டது.
முப்பது கிலோ பெட்டி,
அதற்குள் எங்கள் முடிவு.

ஐந்து வாரம்
நாங்களே முடித்துப் பார்த்தோம்.
ஹாஜா திமிங்கலத்தைப் பேச வைத்தான்.
நான் அந்தக் கிரகத்தில் என் ஆலையைத் திருப்பி ஓட்டினேன்.
சகாயமேரியின் முடிவில் எல்லோரும் சும்மா
உரிமம் இல்லாமல் அழுதார்கள்.
அதைக் கேட்டபின் ஒருவரும் பேசவில்லை,
பூஃபியாக்காரன் விளக்கணைக்கிறேன் என்றான்.

அப்புறம் வந்தது குரல்செய்தி,
நாற்பத்திரண்டு நிமிடம்.
ஃபனாத்தீர் கடற்கரையோரம் காலி பஸ்ஸை நிறுத்தி
குழந்தைகளின் சீட்டில் முட்டி இடிக்க உட்கார்ந்து கேட்டோம்.
மேஸ்திரிக் குரல். நடுவில் ஒரு சேவல்.
எங்கோ மினிபஸ் ஹாரன்.
இரிசன் கரை இறங்குகிறான்.
கூட்டத்தில் தொலைந்த ஒரு பிள்ளையை
இரண்டு கையாலும் அள்ளித் தூக்குகிறான்.

சகாயமேரி நிறுத்தினாள்.
"ரெண்டு கையா?"

ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
ஹாஜா கொஞ்சம் பின்னால் தள்ளி
மறுபடி கேட்டான்.
"தாள் புரள்ற சத்தமே இல்லையே" என்றான்.

நாலாய்ப் பிளந்த அன்றே
கடைசிக் கட்டு மெலிதாக இருந்தது
இப்போதுதான் ஞாபகம் வந்தது எனக்கு.
கதை எந்த வரியில் அறுந்திருந்ததோ.
எத்தனை "அடுத்த வாரம்" அதை ஒளித்து வைத்தாரோ.

மீதியையும் கேட்டோம்.
நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் நீளம்.
'முடிவு பிரமாதம் அண்ணே' என்று தட்டினேன்.
அனுப்புமுன் சகாயமேரி போனைப் பிடுங்கி
ஒரு வரி சேர்த்தாள்:
'அந்தக் கை எப்ப முளைச்சது?
அடுத்த வாரம் சொல்லுங்க.'

நீலக் குறி விழுந்தது.
அவர் எழுதிக்கொண்டிருப்பதாக
வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது.